காத்திருப்போர் பட்டியல்

சராசரி என்ற எண்ணின் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். இந்த வாரம் அது மறுபடியும் மூண்டுவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர் ஓர் அட்டவணையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒரு பத்தியில் ஹவாய், அடுத்ததில் இஸ்ரேல். பரப்பளவு, மக்கள்தொகை, தனிநபர் வருமானம், ஆயுட்காலம் என்று வரிசையாக எண்கள். “ஐயா, இந்த இரண்டில் மக்கள் எங்கே நன்றாக வாழ்கிறார்கள்?” என்று கேட்டிருந்தார்.

கேள்வியில் குறையில்லை. இரண்டும் சின்ன நிலப்பரப்புகள். ஹவாயின் எல்லாத் தீவுகளையும் சேர்த்தால் நிலம் மட்டும் ஏறத்தாழ 16,600 சதுர கிலோமீட்டர். மக்கள் 14 லட்சம் பேர். இஸ்ரேல் ஏறக்குறைய 22,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு கோடியை ஒட்டி நிற்கிறது. இரண்டிலும் விலைவாசி கொடுமை. ஹவாய் தனக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும் என்ற 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டம் அந்தச் செலவை இன்னும் ஏற்றிவிடுகிறது. இஸ்ரேலில் 2011 ஜூனில் பாலாடைக்கட்டி விலையை எதிர்த்து மக்கள் கிளம்பினார்கள். அடுத்த மாதமே வீட்டு வாடகையை எதிர்த்து டெல் அவிவின் ராத்ஸ்சைல்ட் சாலையில் வரிசையாகக் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு தந்தாக வேண்டும் என்று ஹவாய் 1974லேயே சட்டம் போட்டது. இஸ்ரேலில் 1995 முதல் குடிமக்கள் அனைவருக்கும் சட்டப்படி மருத்துவக் காப்பீடு உண்டு. இரண்டிலும் சராசரி ஆயுள் 80ஐத் தாண்டி நிற்பதில் வியப்பில்லை. இதுவரை அட்டவணை சொல்வது சரி.

என் கோபம் அட்டவணை கேட்காத கேள்வியில் இருக்கிறது. இந்தச் சராசரிக்குள் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்? 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி பூர்வகுடி ஹவாயர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஹவாயிலேயே இல்லை. நெவாடாவிலும் கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் குடியேறிவிட்டார்கள். எட்டுப் பெரிய தீவுகள் கொண்ட ஹவாய்க்கு லாஸ் வேகாஸ்தான் ஒன்பதாவது தீவு என்று அவர்களே சொல்கிறார்கள். ஒவாஹு தீவில் ஒரு தனி வீட்டின் நடுத்தர விலை 10 லட்சம் டாலரைத் தொட்டுவிட்டது. கட்டுப்படியாகாதவர் கிளம்பிப் போகிறார். அவர் போனதும் மாநிலத்தின் சராசரி வருமானம் ஒரு துளி ஏறுகிறது. பிழைக்க முடியாதவர் ஊரைவிட்டுப் போனதை வளர்ச்சி என்று எழுதிக்கொள்ளும் கணக்கு இது. இஸ்ரேல் கணக்கில், மேற்குக் கரைக் குடியேற்றங்களில் வாழும் இஸ்ரேலியர்கள் சேர்த்தி. அதே மலைச்சரிவில் பக்கத்து ஊரில், அதே ராணுவத்தின் பிடியில் வாழும் பாலஸ்தீனர்கள் சேர்த்தியில்லை.

இதை எழுதும்போது என் மனம் அட்டவணையை விட்டு ஒரு மனிதரிடம் போய்விட்டது. ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானி 1898இல் வெளியிட்ட தன்வரலாற்றைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். யாரைப் பார்த்தாலும் படிக்கச் சொல்லியும் இருக்கிறேன். 1893 ஜனவரியில், அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய வீரர்கள் தெருவில் நிற்க, தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1895இல் அவருக்காக எழுந்த கிளர்ச்சி தோற்றது. அரசியை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் பூட்டி வைத்தார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டபோது அரச நிலமும் அரசாங்க நிலமுமாக 18 லட்சம் ஏக்கர் கைமாறியது. இழப்பீடாக ஒரு காசு தரவில்லை. அரச நிலத்துக்காக அவர் தொடுத்த வழக்கு 1910இல் தள்ளுபடியானது. 1993இல், ஆட்சிக்கவிழ்ப்பின் நூறாம் ஆண்டில், அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. நிலம் மட்டும் திரும்பவில்லை.

நான் சொல்ல வந்தவர் அரசி அல்லர், அதே 1895 கிளர்ச்சியில் கைதாகிச் சிறையிருந்த இளவரசர் கூஹியோ. வெளியே வந்த அவர் எந்த அரசு தம் நாட்டை எடுத்துக்கொண்டதோ அதன் நாடாளுமன்றத்துக்கே ஹவாயின் பிரதிநிதியாக 1903இல் போனார். ஹவாய் அப்போது மாநிலம் ஆகவில்லை. அதனால் அவர் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், வாக்களிக்க முடியாது. வாக்கில்லாத அந்த நாற்காலியில் கிட்டத்தட்ட இருபது ஆண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு உறுப்பினரிடமும் பேசிப் பேசி, 1921 ஜூலையில் ஹவாயர் வீட்டுநிலச் சட்டத்தை நிறைவேற்றவைத்தார். நோயிலும் வறுமையிலும் நகரச் சேரிகளில் கரைந்துகொண்டிருந்த தம் மக்களை மறுபடி மண்ணில் குடியமர்த்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். சட்டம் வந்த ஆறு மாதத்தில், 1922 ஜனவரியில், அவர் இறந்துபோனார்.

சட்டம் தந்தது இது: 18 லட்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்படும். குடும்பத்துக்கு ஒரு மனை, 99 ஆண்டுக் குத்தகை, வருடத்துக்கு ஒரு டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரும்பு விளையும் நல்ல நிலத்தைத் தோட்ட முதலாளிகள் பட்டியலிலிருந்து எடுக்கவைத்துவிட்டார்கள். மிஞ்சியதில் பெரும்பகுதி வறண்ட சரிவும் எரிமலைக் குழம்பு இறுகிய தரையும். அதைவிடப் பெரிய கேடு தகுதி விதியில் வந்து புகுந்தது. ரத்தத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஹவாயர் என்றால் போதும் என்று கூஹியோ கேட்டார். சட்டம் பாதிப் பங்கு என்று நிர்ணயித்தது.

அந்தப் பாதி என்பது என்ன செய்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விண்ணப்பிக்கிறவர் தன் பிறப்புச் சான்றிதழ், பெற்றோருடையது, தேவைப்பட்டால் தாத்தா பாட்டியுடையது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுபோய்த் தன் ரத்தத்தில் பாதியை அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பிறகு பட்டியலில் பெயர் ஏறும். பிறகு காத்திருக்க வேண்டும். இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் அவர் சீனரையோ பிலிப்பினோவையோ போர்த்துகீசியரையோ மணந்திருப்பார். ஹவாயில் இது வெகு இயல்பு. பிள்ளைக்குக் கால் பங்குதான் வரும். அப்பா மனை கிடைக்காமலே இறந்துபோனால் பட்டியலில் அவருடைய இடம் அந்தப் பிள்ளைக்குப் போகாது, அதற்கும் பாதி வேண்டும். அரசு எவ்வளவு தாமதிக்கிறதோ அவ்வளவுக்குக் கடன் தானாகவே கரைகிறது.

பெயர் வந்து அழைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மனைக்குக் குத்தகை ஒரு டாலர்; அதில் கட்டிய வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கும் தகுதி வேண்டும். கடனுக்குத் தகுதியில்லாத ஏழை “இப்போது வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்கிறார். ஒவாஹுவின் மேற்குக் கரையில் வையனாய் படகுத்துறையை ஒட்டிப் பல ஆண்டுகளாக ஒரு கூடார ஊர் இருந்ததே, அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிகள்தான். சொந்த மண்ணில், கடற்கரையில், தார்ப்பாய்க்கு அடியில்.

நூறு ஆண்டுகளில் இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட குத்தகைகள் ஏறத்தாழ 10,000. இன்று காத்திருப்போர் பட்டியலில் 28,000 பேருக்கு மேல். தாமதத்துக்கு நியாயம் கேட்டு 1999இல் தொடுத்த வழக்கு 2022இல்தான் 32.8 கோடி டாலர் இழப்பீட்டுடன் முடிவுக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களிலும் பலர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் பட்டியலைக் குறைக்க 60 கோடி டாலர் ஒதுக்கியது. இதை முதல் முறையாகக் கணிசமான ஒரு முயற்சி என்று நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த தொகை அது.

இந்த இடத்தில்தான் இஸ்ரேலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்குப் பொருள் தெரிகிறது. அங்கே நிலத்தில் ஏறத்தாழ 93 விழுக்காடு அரசிடமும் அரசு சார்ந்த அமைப்புகளிடமும் இருக்கிறது. மக்களுக்கு 49 ஆண்டு, 98 ஆண்டு என்று குத்தகைக்கு விடுகிறார்கள். ஹவாயின் 99 ஆண்டுக் குத்தகைக்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1948க்குப் பிறகு ஐரோப்பிய முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களும், இராக், ஏமன், மொராக்கோவிலிருந்து யூதர்களும் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். 1951 வாக்கில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாஅபரா என்ற தற்காலிக முகாம்களில், கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் கிடந்தார்கள். நாடோ புதிது, கையில் பணமில்லை, உணவுக்கு ரேஷன். ஆனாலும் அறுபதுகளின் தொடக்கத்துக்குள் முகாம்கள் மூடப்பட்டன. அரபு நாடுகளிலிருந்து வந்தவர்களை திமோனா, ஸ்தெரோத் போன்ற ஒதுக்குப்புற ஊர்களுக்குத் தள்ளிவிட்டார்கள், நல்ல வேலையும் நல்ல பள்ளியும் அவர்களுக்கு எட்டவில்லை என்ற குறை இன்றும் அங்கே கனன்றுகொண்டிருக்கிறது. அந்தக் குறை நியாயமானது. இருந்தாலும் பன்னிரண்டு ஆண்டுக்குள் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூரை கிடைத்தது. ஓர் ஏழை அரசு மனம் வைத்தால் இது முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே அரசு மனம் வைக்காத இடமும் உண்டு. நெகேவ் பாலைவனத்தில் உம் அல்-ஹிரான் என்ற பெதூயின் ஊர். அங்கே வாழ்ந்த அபு அல்-கியான் குலத்தார் தாங்களாக வந்து குடியேறியவர்களல்லர். அரபுக் குடிமக்கள் மேல் ராணுவ ஆட்சி நடந்த காலத்தில், 1956இல், அரசே அவர்களைக் கொண்டுவந்து அங்கே விட்டது. விட்ட பிறகு ஊருக்கு அங்கீகாரம் தரவில்லை. மின்கம்பி வரவில்லை, குடிநீர்க் குழாய் வரவில்லை. பின்னர் அதே இடத்தில் யூதர்களுக்கு ஒரு புதிய ஊர் கட்டத் திட்டம் வந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அவர்களை வெளியேற்றத் தடையில்லை என்றது. 2024 நவம்பரில் மிஞ்சியிருந்த பள்ளிவாசலும் இடிக்கப்பட்டது. நெகேவில் இப்படி அங்கீகாரமில்லாத ஊர்கள் இன்னும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. நாட்டின் மக்களில் ஐந்தில் ஒருவர் அரபுக் குடிமகன். அரபு உள்ளாட்சிகளின் எல்லைக்குள் இருக்கும் நிலமோ 3 விழுக்காட்டுக்கும் குறைவு.

இரண்டு வரலாறுகளும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பசிபிக்கின் நடுவே ஒரு அரசை இன்னொரு அரசு விழுங்கியது வேறு. துரத்தப்பட்ட ஒரு மக்கள் 1948இல் நாடு கண்டதும், அதே ஆண்டில் இன்னொரு மக்கள் வீடிழந்து அகதியானதும் வேறு. ஆனால் வீட்டுநிலம் என்ற ஒரே புள்ளியில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அரசுகள் எப்போதும் சொல்லும் காரணம் நிலம் போதவில்லை, பணம் போதவில்லை என்பது. அமெரிக்கா உலகின் பெரும் பணக்கார நாடு. அந்த நாட்டால் நூறாண்டில் 10,000 குடும்பங்களுக்குத்தான் மனை தர முடிந்தது. ரேஷனில் பிழைத்த இஸ்ரேல் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் லட்சக்கணக்கானோரைக் குடியமர்த்தியது. வசதி வந்த பிறகு ஒரு சிறிய ஊருக்கு மின்கம்பி இழுக்கவில்லை. எவரைத் தன்னவர் என்று அரசு எண்ணுகிறதோ அவருக்கு நிலம் கிடைத்துவிடுகிறது. மற்றவர் காத்திருக்கிறார்.

எழுதிய வாசகிக்கு என் பதில்: தேர்வில் எந்த எண் கேட்டாலும் எழுதுங்கள் அம்மா, மதிப்பெண் வாங்குங்கள். ஆனால் நாளை நீங்கள் ஒரு அலுவலக நாற்காலியில் உட்காரும்போது, மனை கேட்டு வரும் மனுக்களில் மிகப் பழையது எந்த ஆண்டு தேதியிட்டது என்று முதலில் பாருங்கள். அதற்கு உரியவரை ஏன் இவ்வளவு காலம் நிறுத்தி வைத்தோம் என்று கேளுங்கள். ஓர் அரசு தன் மக்களை எப்படி நடத்துகிறது என்பதை அந்தத் தேதி சொல்லும். நிலத்தை எடுத்தவர்கள் அதைத் திருப்பித் தருவதற்குத் தகுதிச் சான்று கேட்பது நீதியல்ல. கேட்டுவிட்டு நூறாண்டு காக்கவைப்பது அநீதிக்கும் மேலான ஒன்று.