கடலுக்குக் கீழே ஒரு கார்ப் பயணம்

‘எட்டு நாளில் ஐந்து நாடு’ என்று ஓர் அட்டவணை தயாரித்து, பெருமையோடு சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

“இதுல உட்கார்றதுக்கு எந்த நாள்னு போடலையே, தம்பி?”

அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அப்பா போன பிறகு கிள்ளானைத் தாண்டி அதிகம் போனதில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாடு சுற்றினால், ஐந்து நாட்டிலும் அவர் பார்க்கப்போவது ரயில் நிலைய நாற்காலிகளைத்தான். அன்றிரவே நான்கு நாடுகளை அடித்துவிட்டேன். மிஞ்சியது நெதர்லாந்து. சின்ன நாடு, மேடு பள்ளம் குறைவு, வாடகைக் கார் எடுத்தால் அம்மா அதிகம் நடக்க வேண்டாம்.

மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். ஊர் மாறும் நாள் தவிர ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டக்கூடாது. மாலை நான்கு மணிக்குமேல் யாரும் எதையும் ‘பார்க்க’க் கூடாது. மூன்றாவது விதி பதினைந்து வயது மகளுடையது.

மே மாதக் கடைசியில் போனதால் துலிப் பூக்காலம் முடிந்திருந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று, கூட்டம் இல்லை. இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஏழரை மணிக்கெல்லாம் இருட்டிப் பழகிய நம் வீட்டுச் சின்னவனுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

ஸ்கிப்போல் விமான நிலையத்தில் இறங்கியதுமே அவன் கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: “அப்பா, நாம கடலுக்குக் கீழே நிக்கிறோம்!” உண்மைதான். அந்த விமான நிலையம் கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்று மீட்டர் கீழே இருக்கிறது. முன்பு அங்கே பெரிய ஏரி. மூன்று நீராவி இயந்திர நிலையங்களை வைத்துத் தண்ணீரை இறைத்து, 1852-இல் ஏரியைத் தரையாக்கிவிட்டார்கள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால்வாசி இப்படிக் கடல் மட்டத்துக்குக் கீழேதான் கிடக்கிறது.

முதல் மூன்று இரவுகள் கௌடாவில் தங்கினோம். பாலாடைக்கட்டிக்குப் பேர்போன ஊர். சூடான பாகு வைத்த ‘ஸ்ட்ரூப்வாஃபல்’ பிஸ்கட் பிறந்ததும் அங்கேதான். ஆனால் எங்களுக்கு உண்மையான மகிழ்ச்சி கிடைத்தது பேரங்காடியில். சம்பல் ஊலெக், கெச்சாப் மானிஸ், சாத்தே கச்சான் குழம்பு எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இந்தோனீசியாவை ஆண்டவர்கள் ஊருக்குத் திரும்பும்போது நாக்கு ருசியையும் கொண்டுபோயிருக்கிறார்கள். பெட்டியில் சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவந்ததற்காக நான் செய்த கேலியையெல்லாம் அன்று இரவே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கிண்டர்டைக். முக்கால் மணி நேரப் பயணம். வாய்க்காலின் இரு பக்கமும் 19 காற்றாலைகள். பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை. 1997-இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. படகில் மெதுவாகப் போனோம். காற்றாலைகளுக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. நாங்கள் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தபோது அம்மா கேட்டார்:

“தண்ணிய வெளியேத்த இவ்வளவு பெரிய காத்தாடி எதுக்கு? கடல் வத்துற நேரம் பார்த்து வாட்டர்கேட்டைத் தொறந்துவிட்டா, தண்ணி தானா ஓடிடாதா?”

மனைவி கைப்பேசியைத் தாழ்த்தினார். “அத்தை, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கப்பா வேலையே அதுதானேம்மா.”

அம்மா பிறந்தது கேரித் தீவில். தாத்தா ‘தோட்ட வேலை’ செய்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். தாழ்வான அந்தத் தீவைச் சுற்றிக் கடல் நீர் ஏறாமல் மண்கரை போட்டிருப்பார்கள்; தோட்டத்து மக்கள் அதைப் ‘பண்டு’ என்பார்கள். கால்வாய் கடலில் சேரும் இடத்தில் மதகு. கடல் ஏறும்போது மூட வேண்டும், வற்றும்போது திறக்க வேண்டும். பகலோ இரவோ, அந்த நேரத்துக்குத் தாத்தா அங்கே இருக்க வேண்டும். 45 வயதுவரை இதை நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அம்மாவின் கேள்விக்கான பதிலை மகள் அறிவிப்புப் பலகையில் படித்துச் சொன்னாள். அங்கேயும் ஆரம்பத்தில் மதகு மட்டும்தான் இருந்தது. ஆனால் அது மட்கிய தாவரங்களால் ஆன மண். தண்ணீரை வடிக்க வடிக்க மண் சுருங்கி, நிலம் இறங்கிக்கொண்டே போயிற்று. ஆற்று மட்டமோ உயர்ந்தது. ஒரு கட்டத்தில் மதகைத் திறந்தாலும் தண்ணீர் போக வழியில்லை. அதனால்தான் காற்றாலைகளை வைத்துத் தண்ணீரைப் படிப்படியாக மேலே தூக்கி ஆற்றில் விட்டார்கள். இன்று அந்த வேலையைப் பம்புகள் செய்கின்றன.

“அப்ப நான் கேட்டது சரியான கேள்விதான்” என்றார் அம்மா, பேத்தியிடம்.

நான்காம் நாள் தென்மேற்கே ஸீலாந்து மாநிலத்துக்குப் போய், ஸீரிக்ஸே என்ற பழைய துறைமுக ஊரில் இரண்டு இரவுகள் தங்கினோம். பக்கத்தில் ஔவர்கெர்க் கிராமத்தில் ஒரு வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது. 1953 ஜனவரி 31 இரவு, புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வந்து கரைகளை உடைத்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். கடைசி உடைப்பை அடைக்க இறக்கிய நான்கு மாபெரும் கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயே அருங்காட்சியகத்தை அமைத்திருக்கிறார்கள்.

இறந்தவர்களின் பெயர்களுக்கு முன்னால் அம்மா நெடுநேரம் நின்றார். பிறகு மகளிடம், “அன்னிக்கு அமாவாசையா, பௌர்ணமியான்னு பாரும்மா” என்றார். தேடிப் பார்த்தாள். பௌர்ணமியை ஒட்டிய நாள். கடல் வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும் நேரம்.

காரில் திரும்பி வரும்போது அம்மா தானாகவே சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு பௌர்ணமி இரவு பண்டு உடைந்தது. தாத்தா மண்வெட்டியோடு ஓடினார். விடிந்த பிறகுதான், கழுத்துவரை சேறோடு வீடு வந்து சேர்ந்தார். அதுவரை பாட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“நிலாவைப் பார்த்து எல்லாரும் அழகுன்னு சொல்வாங்க. எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல.”

காரில் யாரும் பேசவில்லை. சின்னவன்கூடக் கைப்பேசியை மூடி வைத்துவிட்டான்.

ஆறாம் நாள்தான் நீண்ட பயணம்; வடக்கே கீட்ஹோர்ன் வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த ஊரின் பழைய பகுதியில் காருக்கு இடமில்லை, வாய்க்கால்தான் தெரு. மறுநாள் அங்கிருந்து ஸ்கோக்லாந்துக்குப் போனோம். கடல் அரித்ததால் 1859-இல் மக்களை வெளியேற்றிய தீவு அது. 1942-இல் சுற்றியிருந்த கடற்பகுதியே தரையாகிவிட்டது. இன்று பச்சை வயலுக்கு நடுவே, கப்பல் வராத துறைமுகத்தோடு நிற்கிறது.

கடைசி நாள் ஆஃப்ஸ்லௌட்டெய்க் என்ற பெரிய அணை வழியாக விமான நிலையத்துக்குத் திரும்பினோம். 32 கிலோமீட்டர் நீளம். 1932-இல் கடலை மூடிய அணை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நன்னீர் ஏரி, மேலே நெடுஞ்சாலை. கொர்ன்வெர்டர்சாண்டில் காரை நிறுத்தினோம். அங்கே மதகுகள் இருக்கின்றன. கடல் வற்றும் நேரத்தில் அவற்றைத் திறந்து ஏரியின் அதிகப்படி நீரை வெளியே விடுகிறார்கள்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். முழங்கால் வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

“இவ்வளவு பெரிசா கட்டியும், எங்கப்பா மாதிரி கடலைப் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கணும் போல” என்றார்.

கார் எடுத்துப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சாலையில் உங்களை நோக்கி வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருந்தால் வழிவிட வேண்டும். எந்த அடையாளமும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, சைக்கிளுக்கும்தான். கார்க் கதவைத் திறக்குமுன் பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பாருங்கள். நீலக் கோடு போட்ட இடங்களில் வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடியருகே வைக்க வேண்டும். நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் டோல் கிடையாது.

வீடு திரும்பிய இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானிலிருந்து கேரித் தீவுக்குப் போனோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் போகாமல் இருந்ததற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். அட்டவணை எதுவும் போடவில்லை.