கடைக்கு மேல் குடியிருப்பு

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் இரவு பத்தரை மணிக்கு நடந்து பார்த்த அங்கத்தினர்கள் நாம் கூறவருவதை எளிதில் ஒப்புவர். பகலெல்லாம் தோளோடு தோள் இடிபடும் அக்கடைவீதி, கதவுகள் இறங்கியபின் ஆளரவமற்றுப் போகிறது. கீழே பாத்திரமும் துணியும் விற்ற கட்டடங்களின் மேல்தளங்கள் பல, சரக்கறையாகவோ வெறும் மொட்டைமாடியாகவோ கிடக்கின்றன. அங்கே நாள் முழுதும் நின்று உழைத்தவர்களோ, கூடுவாஞ்சேரிக்கும் அதற்கப்பாலும் செல்ல இரயிலுக்குக் காத்து நிற்கின்றனர். அம்மேல்தளங்களை வீடுகளாக்க நம் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வர வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

இது புதுமையன்று. தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்க வாழ்ந்தவர்கள்தாமே நெசவாளர்கள்! மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் கீழே கடையும் மேலே வீடுமாக வணிகர்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துள்ளனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் குடியேறிய கடைவீடுகளும் அத்தகையனவே. சிங்கப்பூரில் 1960-இல் அமைக்கப்பெற்ற வீட்டு வசதி வளர்ச்சிக் கழகமும், தான் எழுப்பிய அடுக்கு வீடுகள் பலவற்றில் தரைத்தளத்தைக் கடைகளுக்கே ஒதுக்கிற்று.

பயிரிடும் அங்கத்தினர்கள், “இதனால் எங்களுக்கென்ன?” என்று கேட்கலாம். அவர்களுக்குத்தான் இதில் பெரும்பங்கு உண்டு. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, வீடு தேடியவர்கள் தெற்கே தெற்கே நகர்ந்தனர், வயல்கள் மனைகளாயின, ஏரிக்கு நீர் கொணர்ந்த கால்வாய்கள் தெருக்களாயின. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதை எவர் மறப்பர்? ஊர் நடுவில் மாடியில் எழும் ஒவ்வொரு வீடும், ஊர்ப்புறத்து நஞ்சையில் எழாத ஒரு வீடாகும். மேலும், கடைவீதியிலேயே குடியிருப்பவர் காலையில் கீழிறங்கிக் கீரையும் காயும் வாங்குவர். விளைவிப்பவருக்கு அருகிலேயே ஒரு சந்தை உறுதியாகும்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தின் நிலையைச் சொல்வோம், பெயர் வேண்டா. கடைவீதியில் சொந்தக் கட்டடம். கீழே விற்பனை நிலையம். மேல்தளத்தில் பழைய பேரேடுகளும், கால் முறிந்த மேசைகளும், கரையான் புற்றும். அச்சங்கத்தின் விற்பனையாளர் தம் ஊதியத்தில் மூன்றிலொரு பங்கை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, நாள்தோறும் மூன்று மணி நேரத்தைப் பயணத்தில் கழிக்கிறார். சங்கமோ நஷ்டக் கணக்கு எழுதுகிறது. மேலே இரண்டு வீடுகள் இருந்தால் வாடகை வரவொன்று நிலையாக வருமே என்று நாம் வாய்விட்டுக் கேட்டபோது, நிர்வாகஸ்தர்கள் நகைத்தனர்.

விதிகள் தடையென்று கூறுவதற்கில்லை. 2019-இல் வந்த பொதுக் கட்டட விதிகள், உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப்போல் இருமடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. முன்னர் அது ஒன்றரை மடங்காயிருந்தது. பழைய கட்டடங்கள் பல இதில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை. ஆயினும் அஸ்திவாரத்தின் வலிமையைப் பொறியாளர் சோதித்துச் சான்று தராமல் ஒரு செங்கல்லும் ஏற்றலாகாது. வாகனம் நிறுத்த இடமின்மை மெய்யான இடையூறே; நிலையத்துக்கு நடந்து செல்பவர்க்கு வண்டி எதற்கென்று அதிகாரிகளிடம் வாதாடிப் பார்க்கலாம்.

நெருப்பைப் பற்றி மட்டும் சமாதானம் சொல்ல மாட்டோம். 2017 மே 31-இல் தியாகராய நகரில் ஏழுமாடித் துணிக்கடையொன்று எரிந்தது. இறுதியில் கட்டடத்தையே இடிக்க நேர்ந்தது. துணி விற்கும் சங்கத்தின் தலைமேல் குழந்தைகள் உறங்கப் போகின்றனர் என்பதை மறவாதீர்கள். கடைக்குள் புகாமல் நேரே தெருவுக்கு இறங்கும் தனிப்படி வேண்டும். மின் இணைப்பும் தனி அளவியுடன் வேண்டும். தனி இணைப்பிருந்தால் குடியிருப்போர்க்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்பது உபரி நன்மை.

அனகாபுத்தூர்க் காரியம் வேறு. ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு மதராஸ் கைக்குட்டைத் துணியும், பின்னர் வாழைநார்ச் சேலையும் நெய்த ஊர் அது. குழித்தறியை மாடியில் ஏற்ற முடியாது, தரை வேண்டும். ஆகவே அங்கே தலைகீழாக எண்ண வேண்டும்: தறிக்கூடம் கீழே இருந்தபடி இருக்க, வீடு மேலே எழட்டும். வாடகை வீட்டுக்குப் பெயர்ந்ததால் தறியைப் பிரித்துப் பரணில் போட்ட குடும்பங்களை நாம் அறிவோம். கைத்தறிச் சங்கங்கள் நம் துறையன்று, கைத்தறித் துறையின் பார்வையில் உள்ளவை. எனினும் சொல்லாதிருக்க மனம் வரவில்லை.

நமக்குள்ள உண்மையான அச்சம் சிமெண்டைப் பற்றியதன்று; பட்டியலைப் பற்றியது. வீடு கட்டி முடிந்தவுடன் தலைவரின் மைத்துனர் ஒருவர் எங்கிருந்தோ தோன்றுவார். ஒதுக்கீடு பொதுப்பேரவையின் முன்னிலையில் குலுக்கலால் நடக்க வேண்டும்; உள்வாடகைக்கு விட்டவர் வெளியேற வேண்டுமென்பது ஒப்பந்தத்திலேயே இருத்தல் வேண்டும். சங்க நிதியைக் கட்டடத்தில் முடக்கத் துறையின் முன் அனுமதி தேவை. அவ்விண்ணப்பத்துடன் இந்நிபந்தனைகளையும் இணைத்தனுப்பினால், பரிசீலிக்கும் எம் போன்றோர்க்கு வேலை குறையும்.

தாம்பரம் 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாயிற்று. சொந்தக் கட்டடமுள்ள சங்கங்கள் அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு முன் தம் மாடியின் அளவை எடுத்து வைக்கட்டும். மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறதென்று முதலில் தேட வேண்டியிருக்கும்.