வெள்ளைச் சட்டைக்கு ஒரு வீட்டுக்குறிப்பு

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே கொண்டாடும். தென்காசியில் எங்கள் வீட்டில் அம்மா மட்டும் துணிக்கொடியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவாள். மூன்று நாளானாலும் துணி காயாது. காயாத வெள்ளை முதலில் நாறும், பிறகு மங்கும். அப்பாவின் சட்டை பழுப்பேறினால், "என்னட்டி துவைச்சிருக்க?" என்று ஆச்சி கேட்பது அம்மாவைத்தான். சட்டையைப் போட்டு அழுக்காக்கியவரை ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா கேள்விப்பட்ட குறிப்பையெல்லாம் செய்து பார்த்தாள். அவற்றை நான் கேலி செய்யவில்லை. சிலவற்றில் சரக்கு உண்டு. காலரில் படிவது உடம்பின் எண்ணெயும் வேர்வையும். சலவைச் சோடாவின் காரம் அதை இளக்கும், சுடுநீர் அதற்குத் துணைநிற்கும். தண்ணீரில் இருக்கும் இரும்பால் வந்த கறையை எலுமிச்சையின் புளிப்பு கரைக்கும். ஆனால் வினிகரையும் ஆப்பசோடாவையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரைதான் பொங்கும், அழுக்கு போகாது. பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. நீலமோ எதையும் வெளுப்பதில்லை. மஞ்சளின்மேல் நீலச்சாயல் ஏறும்போது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தக் குறிப்புகளின் மொழியும் நீலம் போட்ட மொழிதான். "இல்லத்தரசிகளே" என்று செல்லமாகத் தொடங்கும். யார் துவைப்பது என்ற கேள்வியை மறைத்துவிட்டு, எப்படித் துவைப்பது என்று மட்டும் சொல்லித்தரும். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் கைவைத்த ஆண்களே நான்கில் ஒருவர்தான். இந்த வித்தியாசத்தை எந்த எலுமிச்சை எடுக்கும்?

வெள்ளை என்பது வெறும் நிறமா? ஆண் உடுத்தினால் அது கௌரவம், பதவி, அரசியல். கணவனை இழந்தவள்மேல் சுற்றப்பட்டபோது அதுவே தண்டனை. அவன் வெள்ளை பளிச்சிட வேண்டும், அவள் வெள்ளை கண்ணில் படக்கூடாது.

இதையெல்லாம் பேசும் நாமும் ஓரிடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். "அந்தக் காலத்து வெள்ளாவி வெளுப்பு வருமா?" என்று ஏங்கும் பெண்கள் நம்மிலும் உண்டு. அந்த வெளுப்பு வானத்திலிருந்து விழவில்லை. உவர்மண் சுமந்து, துணியை நனைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்தவர்கள் வண்ணார் வீட்டுப் பெண்களும் ஆண்களும். நம் தீட்டுத்துணியையும் பிள்ளை பெற்ற துணியையும் அவர்கள் தலையில் ஏற்றியது சாதி. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களின் நிலை இன்னும் கொடியது. பகலில் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, இரவில் மட்டும் வேலை செய்தவர்களைப் பற்றி 1932 டிசம்பரில் 'தி இந்து' எழுதியது. அவர்கள் வாழ்ந்தது திருநெல்வேலி மாவட்டத்தில். நம் தென்காசி 2019 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியத்தைப் படித்தவர்கள், வெள்ளாவி வெளுப்புக்கு இனி ஏங்கமாட்டார்கள்.

அந்தக் குடும்பங்கள் மூட்டையை இறக்கி வைத்தது நியாயம். அநியாயம் என்னவென்றால், இறக்கிய மூட்டையை ஆண்கள் தொடாமல் சுற்றிப் போனதும், அது அப்படியே நம் இடுப்பில் ஏறியதும்தான். அதை வேலைக்கு வரும் இன்னொரு ஏழைப் பெண்ணின் இடுப்புக்கு மாற்றுவது விடுதலை ஆகாது. துவைக்கும் இயந்திரம் வந்துவிட்டதே என்பார்கள். காலரைத் தேய்த்துப் போடுவதும், பிழிந்ததை உலர்த்துவதும், சாரல் வந்தால் ஓடி எடுப்பதும் யார்?

அதனால் என் பங்குக்கும் ஒரு குறிப்பு. ஒரு வாளி சுடுநீரில் இரண்டு கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். பருத்திச் சட்டையை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அந்தச் சட்டையைப் போட்டவரைக் கூப்பிட்டு, பிரஷ்ஷை அவர் கையில் கொடுங்கள். அப்பா, அண்ணன், கணவன், மகன், யாராக இருந்தாலும் சரி. முதல் வாரம் சரியாக வெளுக்காது. வெளுக்காவிட்டால் பழுப்புச் சட்டையோடு தெருவில் போகட்டும். ஊர் கேட்டால் அவரே பதில் சொல்லட்டும்.