அரிவாள் கடைசியில்தான் வந்தது



பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் நம் பதிவுகளுக்குக் கீழே என்னென்ன கருத்து வருகிறது என்று பார்த்திருப்பீர்கள். "அந்தப் பசங்களை நடுரோட்டில் வைத்துச் சுடணும்" என்பார் ஒருவர். "பெத்தவங்க வளர்ப்பு சரியில்ல" என்பார் இன்னொருவர். "வாத்தியார் கையில இருந்த பிரம்பைப் பிடுங்கினீங்கல்ல, அனுபவிங்க" என்பார் மூன்றாமவர். இரண்டு நாள் கொதிக்கும். மூன்றாம் நாள் கிரிக்கெட் வந்துவிடும்.

இந்தப் பதிவு அந்த மூன்றாம் நாளுக்காக எழுதப்பட்டது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப் போகிறோம்.

நாங்குநேரியை நினைவிருக்கிறதா?

2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சமூக மாணவர் ஒருவர். கூடப் படிக்கும் பிற்படுத்தப்பட்ட சமூகத்துப் பசங்க சிலர் சாதியைச் சொல்லித் தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார்கள். தாங்க முடியாமல் அந்தப் பையன் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறான். ஏன் வரவில்லை என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. பள்ளியில் புகார் கொடுக்கிறார்கள். அன்றைக்கு இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. அந்தக் காட்சியைப் பார்த்த உறவினரான பெரியவர் ஒருவர் அங்கேயே மயங்கி விழுந்து இறந்துபோனார்.

இதெல்லாம் எல்லாச் செய்தித்தாளிலும் வந்ததுதான். நாம் திரும்பத் திரும்பப் பேசியது அரிவாளைப் பற்றி. ஆனால் தேதியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். அரிவாள் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் கேலி வந்தது. ஏவல் வந்தது. மிரட்டல் வந்தது. ஒரு பையன் பல நாள் வகுப்பில் இல்லாமல் போனான். பிறகு ஒரு புகார் வந்தது. இத்தனை படி ஏறித்தான் அரிவாள் அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் பெரியவர்கள் இருந்தார்கள்.

அப்படியானால் பொறுப்பு யாருக்கு?

"எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எல்லாருக்கும் பொறுப்பு என்று சொன்னால் கடைசியில் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும். ஊர்ச் சொத்து போல. அதனால் மூன்று கேள்வி வைப்போம். யாருக்குத் தெரிந்திருந்தது? தடுக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது? தெரிந்த பிறகு என்ன செய்தார்? அதிகாரம் எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு. இந்த அளவுகோலை ஒவ்வொருவர் மீதும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பசங்க. அவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று இந்தப் பக்கம் ஒருநாளும் சொல்லாது. தூங்கப் போகும் நேரத்தில் ஒரு வீட்டுக்குள் ஆயுதத்தோடு புகுவது விளையாட்டு இல்லை. சட்டமும் அதை விளையாட்டாகப் பார்க்கவில்லை. 16 வயது முடிந்தவர் மிகக் கொடிய குற்றம் செய்தால், அவரைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் ஒன்று. எந்தப் பிள்ளையும் பிறக்கும்போதே சாதி வெறியோடு பிறப்பதில்லை. பதினேழு வயதுக்குள் யாரோ ஊட்டியிருக்கிறார்கள். ஊட்டிய கை வெளியே இருக்க, பையன் மட்டும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனால் அடுத்த வருஷம் அதே தெருவிலிருந்து இன்னொரு பையன் வருவான்.

அடுத்து பள்ளிக்கூடம். இங்கேதான் நாம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும்.

ஆசிரியர்களின் சங்கடம் நமக்குப் புரிகிறது. தென் மாவட்டத்தில் ஒரு வாத்தியார் "கையில் என்னடா கயிறு?" என்று கேட்டால், சாயங்காலமே நாலு பேர் பைக்கில் வந்து "எங்க சாதிப் பையன்னா உங்களுக்கு இளக்காரமா?" என்று கேட்கும் நிலை இருக்கிறது. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளை. பாடம் முடிக்கணும், எமிஸில் பதிவேற்றணும், தேர்ச்சி விழுக்காடு காட்டணும். இதற்கு நடுவில் "சார், அவன் என்னைத் திட்டுறான்" என்று வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் என்ன? "போய் உட்காரு, ரெண்டு பேரும் கை குலுக்கிக்கங்க."

அந்தக் கைகுலுக்கல்தான் பிரச்சினை, தோழர்களே. சண்டை போட்ட இரண்டு பேர் கை குலுக்கலாம். ஒருவன் அடிக்க ஒருவன் வாங்கிக்கொண்டே இருந்தால் அதற்குச் சண்டை என்று பெயர் இல்லை. அங்கே கைகுலுக்கச் சொல்வது, அடி வாங்கினவனிடம் "இனிமேல் வாயைத் திறக்காதே" என்று சொல்வதற்குச் சமம். அடித்தவனுக்கோ "புகார் கொடுத்தது இவன்தான்" என்று விலாசம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

நாங்குநேரி சொல்லும் மிகப் பெரிய பாடம் இதுதான். புகார் கொடுத்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆபத்து அதிகமானது. புகார் போனது எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிட்டது. புகார் கொடுத்தவனைக் காப்பாற்ற அன்று ராத்திரி யாரும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு "பேசாம இருந்திருக்கலாமே" என்று சிலர் சொன்னார்கள். இதைவிடக் கொடுமையான பேச்சு இல்லை. புகார் கொடுத்தது தப்பே இல்லை. ஒரு பிள்ளை வாயைத் திறந்த அந்த நிமிஷத்திலிருந்து அவன் உயிருக்கு யார் காவல் என்று நம் பள்ளிகளில் எழுதிவைக்கவில்லை. தப்பு அங்கே இருக்கிறது. இன்றைக்கும் எத்தனையோ வகுப்பறைகளில் பிள்ளைகள் அதைக் கணக்குப் போட்டுத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சில பிள்ளைகள் பள்ளியை விட்டே போகிறார்கள். சிலரை நாம் இழந்தே விடுகிறோம்.

"இதற்கெல்லாம் சட்டம் இல்லையே" என்று சொல்லாதீர்கள். இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங் கொடுமையில் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. அதன் பிறகு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கல்லூரி என்று மட்டும் சொல்லவில்லை, கல்வி நிறுவனம் என்கிறது. மாணவருக்கு உடலாலோ மனதாலோ தீங்கு தரும் செயல், பயமோ அவமானமோ உண்டாக்கும் செயல் எல்லாம் அதில் அடங்கும். புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் அலட்சியம் செய்தால், அவரே அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகக் கருதப்படுவார். இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று எத்தனை தலைமையாசிரியருக்குத் தெரியும்? எத்தனை தாளாளருக்குத் தெரியும்? நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, வகுப்பாசிரியரைவிடத் தலைமையாசிரியருக்குப் பொறுப்பு அதிகம். தலைமையாசிரியரைவிட நிர்வாகத்துக்கும் கல்வித் துறைக்கும் அதிகம். அறுபது பிள்ளைக்கு ஒரு வாத்தியாரை நிறுத்திவிட்டு, ஆலோசகரையும் போடாமல், அசம்பாவிதம் நடந்ததும் அந்த வாத்தியாரை மட்டும் சஸ்பெண்ட் செய்து கணக்கை முடிப்பது நியாயம் இல்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். கட்சிகள். எல்லாக் கட்சியும்தான்.

2019-ல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள், இதைத் தடுங்கள் என்றது. பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் நேரில் பார்த்துச் சொன்னதன் பேரில் வந்த சுற்றறிக்கை அது. உடனே மத நம்பிக்கையில் கை வைக்கிறார்கள் என்று ஒரு கூச்சல் எழுந்தது. சுற்றறிக்கை தனக்குத் தெரியாமல் போனது, பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். விஷயம் அமுங்கிப்போனது.

2022 ஏப்ரல். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. கையில் கட்டும் கயிறு தொடர்பாக மாணவர்களுக்குள் தகராறு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் அடிபட்டு இறந்தார்.

அடுத்த வருஷம் நாங்குநேரி.

2019-ல் அந்தச் சுற்றறிக்கையைக் காப்பாற்ற ஒரு கட்சியாவது தெருவுக்கு வந்திருந்தால்? ஓட்டுக் கணக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. நமக்கும்தான். அதை ஒளிக்க வேண்டாம்.

நாங்குநேரிக்குப் பிறகு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போடப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது. சாதியைக் காட்டும் கயிறும் அடையாளங்களும் கூடாது. வகுப்பில் பெயர் வரிசைப்படி உட்கார வையுங்கள். உதவித்தொகை தரும்போது பிள்ளையின் சாதியை வகுப்பில் சொல்லாதீர்கள். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு நலன் அலுவலர் ஒருவரைப் போடுங்கள். ஆசிரியர்களையும் அதிகாரிகளையும் ஒரே இடத்தில் வேர்விட விடாதீர்கள். இப்படி நிறைய. அறிக்கை வந்ததும் நெற்றிப் பொட்டை மட்டும் பிடித்துக்கொண்டு சிலர் சண்டைக்கு வந்தார்கள். மற்ற பக்கங்களை யாரும் புரட்டவே இல்லை. இதில் எது உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்கிறது? நீங்களே போய்ப் பாருங்கள்.

கடைசியாக நாம்.

நம் தோழர்களில் சிலரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கிறோம். நாளெல்லாம் சமூகநீதி. குருபூஜை வந்தால், ஜெயந்தி வந்தால், அரிவாளும் சிங்கமும் "ஆண்ட பரம்பரை" பாட்டும். வீட்டில் பத்தாவது படிக்கும் பையன் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்? பள்ளியில் பிரச்சினை என்றால் தலைமையாசிரியருக்கு முதலில் போன் போடுவது யார்? நம் ஒன்றியப் பொறுப்பாளர்கள்தான். "சார், நம்ம பையன்தான், பேப்பர்ல போட வேணாம், பேசி முடிச்சுக்கலாம்." அந்த ஒரு போன் போதும், ஒரு புகாரைப் புதைக்க. அப்படிப் போன் போடுகிற யாரும் இந்தக் கட்சிக்கு நல்லது செய்யவில்லை. நேரடியாகவே சொல்கிறோம்.

இனி நாம் கேட்கும் வேலை.

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. நம் தோழர்கள் பலர் அதில் உறுப்பினர்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இந்த ஐந்தைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

1. ஒரு பிள்ளை சீண்டலைப் பற்றிச் சொன்னால் அதைப் பதிவு செய்ய நோட்டு இருக்கிறதா? அதில் தேதியும் எடுத்த நடவடிக்கையும் எழுதப்படுகிறதா?

2. சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்.

3. அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர என்ன ஏற்பாடு? மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அன்றைக்கே தகவல் போகுமா?

4. மூன்று நாள் காரணம் சொல்லாமல் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போகிறார்கள்?

5. "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறதா? கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

இதைக் கேட்க எம்.எல்.ஏ. ஆகத் தேவையில்லை. பிள்ளையைப் பெற்றிருந்தால் போதும்.

வீட்டிலும் ஒன்று செய்யுங்கள். "இன்னைக்கு என்ன மார்க்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இன்னைக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். தனியாக என்று பதில் வந்தால் கவனியுங்கள். உங்கள் பிள்ளையே இன்னொரு பிள்ளையை ஒதுக்குகிறான் என்று தெரிந்தால் இன்னும் அதிகமாகக் கவனியுங்கள். அடி வாங்கும் பிள்ளையின் பெற்றோராக நம்மைக் கற்பனை செய்வது சுலபம். அடிக்கும் பிள்ளையின் பெற்றோராகவும் நாம் இருக்கலாம். அதை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

நாங்குநேரி மாணவர் கையில் வெட்டுக் காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தவர். அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தார். எல்லாரும் பாராட்டினோம், நாமும் பதிவு போட்டோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் போய்ப் படிக்க ஒரு பிள்ளைக்கு இவ்வளவு வீரம் தேவைப்படக் கூடாது.

உங்கள் ஊர்க் கூட்டத்தில் என்ன பதில் கிடைத்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரோ படமோ போட வேண்டாம். உதவி தேவைப்படும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417. இந்த இரண்டையும் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

#சொன்ன_பிள்ளைக்குக்_காவல்_யார்
#பள்ளியில்_சாதி_வேண்டாம்