எத்தனை மணிக்கு அடிபட்டது?

மேலூர்ச் சாலையிலிருந்தோ உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ விபத்துக் காயத்துடன் ஒருவர் கொண்டுவரப்படும்போது, உடன் வந்தவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்பது இக்கேள்வி. காவல்துறை வழக்குக்காகக் கேட்கிறோம் என்றெண்ணி, ‘இப்போதுதான், சற்று முன்பு’ என்று மழுப்புவோர் பலர். உண்மையில், ஒரு மருந்தைச் செலுத்தலாமா கூடாதா என்பது அவ்விடையைப் பொறுத்தே முடிவாகிறது.

டிரானெக்சாமிக் அமிலம் என்பது அம்மருந்து. மிகையான மாதவிடாய்ப் போக்குக்கு இதனை மாத்திரையாக உட்கொண்ட பெண்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். ஜப்பானின் உத்தாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962-இல் இதனை உலகுக்கு அறிவித்தனர். குருதியை நிறுத்த உடல் தானே உறையை உண்டாக்குகிறது. பெருங்காயத்தில் அவ்வுறை விரைந்து கரைந்துவிடுகிறது. அதனைக் கரையவிடாமல் காப்பதே இம்மருந்தின் பணி. அறுவை சிகிச்சைக்கோ குருதி ஏற்றுவதற்கோ இது மாற்றன்று.

2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடைபெற்றது. மருந்து பெற்றவர்களுள் 14.5 விழுக்காட்டினரும் பெறாதவர்களுள் 16 விழுக்காட்டினரும் இறந்தனர். விலை மலிவான ஒரு மருந்துக்கு இது சிறிய பயன் அன்று. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் கொடுத்தபோதே பயன் மிகுதி. மூன்று மணி நேரம் கடந்தபின் பெற்றவர்களிடையே குருதிப்போக்கால் நேர்ந்த இறப்பு குறையவில்லை, கூடியது. நேரத்தை மாற்றிச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘எதற்கும் மதுரைக்கே போய்விடலாம்’ என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையைக் கடந்து வருவதை நான் ஏற்பதில்லை. காயத்தை அழுத்திக் கட்டி, இந்த ஊசியையும் போட்டு அனுப்ப அங்கேயே இயலும். ‘போலீஸ் கேஸ்’ என்று தொடாமல் திருப்பியனுப்பும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்; அப்பிழை எங்கள் துறையினுடையது. செலவை எண்ணித் தயங்கவும் வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

காயத்தில் காப்பித்தூள் அப்பாதீர்கள். தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். அடிபட்டவர் இதயநோய்க்காக இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உட்கொள்பவராயின், அதையும் மறவாமல் கூறுங்கள். அடிபட்ட நேரம் சரியாகத் தெரியாவிட்டால், 108-ஐ அழைத்த நேரம் கைப்பேசியில் பதிவாகியிருக்கும். அதனைக் காட்டுங்கள்.