மலையில் நடப்பவருக்கு ஏற்ற அளவுகோல்

தினந்தோறும் தேகப்பயிற்சி செய்பவர்களிடம், அவர்களுடைய உடற்தகுதியைப் பரிசோதித்து எழுதித் தருவதாகச் சொன்னால், ஒரு சாரார் ஆவலோடு முன்வருவதையும், மற்றொரு சாரார், அவர்களிலும் பல்லாண்டு இடைவிடாது பயிற்சி செய்தவர்களே, முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் காணலாம். இவ்விரண்டாம் கூட்டத்தாரைப் பயந்தவர்கள் என்று கருதுவது நியாயமன்று. தங்கள் சரீரம் நன்கறிந்த ஒன்றை அந்த எண்கள் அறிவதில்லை என்பது அவர்களுடைய அனுபவம். அந்த மனத்தாங்கலில் நியாயம் உண்டு. ஆயினும் அதற்குப் பரிகாரம், அளப்பதையே துறக்காமல் தகுந்த அளவுகோலைக் கேட்டுப் பெறுவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பழனி மலைத்தொடரில், காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே அமைந்த ஆடலூரை எடுத்துக்கொள்வோம். ஏற்றத்தில் மூட்டை சுமந்து பழகிய ஒரு தொழிலாளியும், விடியுமுன் எழுந்து தண்டாலும் பஸ்கியும் எடுக்கும் ஓர் இளைஞரும் எடைக்கருவியின்மீது ஏறி நின்றால், உயரத்துக்கேற்ற எடைதானா என்ற ஒரே கேள்வியைத்தான் பி.எம்.ஐ. கணக்கு கேட்கும். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெத்தலே, ஜனசமூகத்தின் சராசரியை ஆராய்ந்தபோது வகுத்த அந்தக் கணக்குக்கு, தசையினால் கூடிய கனம் எது, கொழுப்பினால் கூடிய கனம் எது என்று பிரித்தறியும் சக்தி கிடையாது. மாதக்கணக்கில் உழைத்து உடலை முறுக்கேற்றிய ஒருவர், எடை குறையவில்லையே என்ற ஒரே காரணத்தால் மனம் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுவாரானால், அந்த நஷ்டத்துக்குப் பொறுப்பு அவருடையதன்று.

சமவெளி அட்டவணைகளை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதும் பிழையே. 12 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்க்கும் முறையை அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்டார். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் மெல்லிய காற்றில், மற்றவை யாவும் சமமாயிருப்பின், அதே மனிதர் அதே முயற்சியோடு ஓடினாலும் திண்டுக்கல்லில் எட்டிய தூரத்தை எட்டமாட்டார். மலைவாசியின் ஓட்டத்தை, அதே பாதையில் சென்ற ஆண்டு அவரே ஓடிய ஓட்டத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும்.

காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்கவேண்டும் என்ற நியதியை நான் குறை கூறவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அரசாங்கத்துக்கு ஓர் எல்லைக்கோடு அவசியம். ஆனால் முன்பு 9 நிமிஷம் எடுத்துக்கொண்டு, விடாமுயற்சியால் 7 நிமிஷம் 5 விநாடிக்கு வந்துவிட்ட இளைஞருக்கு அந்த எல்லைக்கோடு சொல்வது, நீ தேறவில்லை என்ற ஒரே வாக்கியம். அவ்விளைஞர் ஈட்டிய ஆரோக்கியம் எவ்வளவு என்பதைப் பற்றி அதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. 2018இல் அம்பத்தி ராயுடு இந்தியக் கிரிக்கெட் அணியின் யோ-யோ என்ற ஓட்டப் பரிசோதனையில் தேறாமல் இங்கிலாந்துப் பயணத்தை இழந்தபோது எழுந்த விவாதமும் இத்தகையதே.

இந்த வகைத் தேர்வுகளுள் என் மதிப்பைப் பெற்றது ஒன்று உண்டு. இந்திய வனப்பணிக்குத் தேர்வாகும் ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும், பெண்கள் அதே நேரத்தில் 14 கிலோமீட்டரும் நடந்து காட்டவேண்டும். காட்டில் அலையப்போகும் காலை, நடக்கச் சொல்லியே பரீட்சிக்கும் அந்த நேர்மை மற்றப் பரிசோதனைகளுக்கும் வரவேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது மலைக்கிராமங்களுக்கு மகத்தான உபகாரம். அதன் பிரதான நோக்கம் நோயைக் கண்டறிவது. அதனோடு பலத்தையும் அளக்கும்படி நாம் கேட்கவேண்டும். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து, அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. மரண அபாயத்தை முன்கூட்டி உணர்த்துவதில், இரத்த அழுத்தத்தின் மேலளவைக் காட்டிலும் கைப்பிடி வலு தெளிவான அறிகுறி என்று அது கண்டது. கவாத்துக் கத்தியும் மண்வெட்டியும் பிடித்த ஆடலூர்க் கைகளுக்கு, எடைக்கருவி ஒருநாளும் தராத மரியாதையை, கைப்பிடி வலுவை அளக்கும் சிறு கருவி தரக்கூடும்.

கைப்பிடி அளக்கும் கருவி ஒன்று, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் கைகளை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்ற கணக்கு, படியேறி இறங்கியபின் நாடித்துடிப்பு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்ற குறிப்பு ஆகிய இம்மூன்றுக்கும் பெருஞ்செலவில்லை, மைதானமும் வேண்டியதில்லை. இவற்றை எழுதும் ஏடு அலுவலகத்துக்குப் போகாமல் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே நாற்காலியிலும் அதே படியிலும் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புதியதையும் எழுதித் தரும்படி சுகாதாரத் துறை தன் ஊழியர்களுக்கு உத்தரவிட வேண்டும்.