சோதனையாளரின் கண்கள்

மென்பொருளைப் பயன்படுத்துவோர் எங்கே இடறுகின்றனர் என்றறியவே பயன்பாட்டுச் சோதனை நடத்தப்படுகின்றது. அச்சோதனையைப் பதிவுசெய்யும் மென்பொருளே சோதனையாளரை இடறச் செய்வது நகைப்புக்குரியதன்றோ? பொத்தான்களும் வகைப்படுத்தற் பட்டியல்களும் மலிந்த இடைமுகமே ஆய்வுக்கு உகந்ததென வாதிடுவோர் உளர். குறிப்பிடுவதற்காகத் திரையை நோக்கும் கணத்திலேயே எதிரிலிருப்பவரின் தயக்கம் தவறிப்போவதை இவர்கள் எண்ணுவதில்லை. கமரா முகத்தைப் பதியும், உண்மைதான். வினவுவதா, பொறுப்பதா என அவ்வேளை தீர்மானிப்பவர் மனிதரே.

மொறே என்னும் மென்பொருள் குறிப்பிடும் பணியை வேறொரு கணனியில் அமர்ந்த அவதானியிடம் ஒப்படைத்தது. இரண்டாமவருக்கு வழியற்ற சிறு குழுக்கள் என் செய்வது? 2008இல் வெளிவந்த சில்வர்பாக், அப்பிள் கணனியின் சிறு தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியையே இதற்குப் பயன்படுத்திற்று. ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். கணம் குறிக்கப்பட்டுவிடும், கண்கள் மனிதரைவிட்டு அகலா. வகைப்படுத்தும் பட்டியல்கள் பதிவு முடிந்த பின்னரே திறக்கட்டும்.